இடது கொம்பு, மூன்று நூல் உள்ளே

ஞானதுரையை நான் கடைசியாக உயிரோடு பார்த்தபோது அவருடைய தலை இந்த ஸ்பீக்கருக்குள் இருந்தது. இதோ, இடது பக்கம் நிற்கிறதே, இதற்குள். தலையைத் தவிர மற்றதெல்லாம் வெளியே இருந்தது. முதுகு, கட்டம் போட்ட கைலி, ஒரு காலால் இன்னொரு காலின் கொசுக்கடியைச் சொறிவது. அப்புறம் தலையை எடுத்தார், ஒரு தரம் கை தட்டினார், செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். ஆனால் ஞானதுரை என்று நினைத்தால் எனக்கு முகம் வருவதில்லை. கைலிதான் வருகிறது. நாற்பது வருஷச் சிநேகிதத்துக்கு இது மரியாதை இல்லை என்று தெரியும். என்ன செய்ய, அவர்தான் போய் அங்கே தலையை விட்டார்.

உட்காருங்கள் தம்பி. அந்த நாற்காலியில்தான். உட்காரலாம், நகர்த்தக் கூடாது. நாலு காலும் தரையில் போட்டிருக்கிற சிவப்பு வட்டத்துக்குள் இருக்கிறதா, குனிந்து பாருங்கள். இருக்கிறதல்லவா? அப்படியே இருக்கட்டும். பின்னால் சுவரோரம் அடுக்கியிருக்கிற மெத்தைகளை இப்போது பார்க்க வேண்டாம். வாசனை அடிக்கும், தெரியும். கல்யாண வீட்டு வாசனை. அந்தக் கதைக்கு வருவேன்.

பெங்களூரிலிருந்து விளம்பரம் பார்த்து வந்திருக்கிறீர்கள். வந்ததும் டேப்பை எடுத்து அளந்தீர்கள், அது எனக்குப் பிடித்தது. அப்புறம் போனை எடுத்துக் கோடு கோடாக ஏதோ காட்டினீர்கள், அது பிடிக்கவில்லை. விற்கிறேனா இல்லையா என்பதைக் கடைசியில் சொல்கிறேன். காபி வரும். தாமதமாக வரும். அடுக்களைக்கு வெளியே சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும், போட வேண்டியவனும் நான்தான்.

நான் டெலிபோன் மெக்கானிக். முப்பத்தோரு வருஷம் அடுத்தவர்கள் பேசுவதைக் காதில் வாங்கித்தான் சம்பளம் வாங்கினேன். படித்தது எட்டாம் வகுப்பு. இந்தக் கொம்பு ஸ்பீக்கர் வித்தையெல்லாம் பழைய புத்தகக் கடையில் கிடைத்த இங்கிலீஷ் பத்திரிகைகளைப் பார்த்து, படத்தை வைத்து எழுத்தை யூகித்து, நானாகக் கற்றது. ஞானதுரை ஸ்டெல்லா சவுண்ட் சர்வீஸ் வைத்திருந்தார். மைக் செட், பந்தல், நாற்காலி, அண்டா, கல்யாண வீட்டுக்கு மெத்தை, ஜமக்காளம், எல்லாம் வாடகைக்கு. அம்மன் கொடைக்கும் அதே குழாய் ஸ்பீக்கர், சர்ச் திருவிழாவுக்கும் அதே குழாய். "சாமிங்களுக்குள்ள சண்ட இல்லவே, கமிட்டிக்காரனுகளுக்குள்ளதான்" என்பார். காது நல்ல காது. அளவு கிளவு ஒன்றும் தெரியாது. கை தட்டிப் பார்த்தே குழாயைக் கட்டுகிற ஆள். நான் நூல் பிடிக்கிற ஆள். ஆசாரி கணக்கில் அங்குலத்துக்கு எட்டு நூல் இல்லையா, அந்த நூல். எங்களுக்குள் நாற்பது வருஷம் இதுதான் தகராறு.

ரயிலடிப் பக்கம் இருந்த டாக்கீஸை இடித்தபோது திரைக்குப் பின்னால் இந்த ரெண்டும் நின்றுகொண்டிருந்தன. ஞானதுரைதான் தகவல் சொல்லி, அவருடைய வண்டியிலேயே ஏற்றிக்கொண்டு வந்தார். கோயில் கோபுரத்தில் கட்டுகிற குழாயும் இதுவும் ஒரே ஜாதி. கழுத்துக்குள் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு தகடு அதிரும், டயாபிரம் என்பார்கள். அந்தச் சின்னச் சத்தத்தைக் கொம்பு வளர்த்து வெளியே அனுப்பும். கோயில் குழாய் ஊருக்காகக் கத்தும். வீட்டில் வைத்தால் கொம்பு ஒரே ஒரு ஆளுக்காகப் பேச வேண்டும். அந்த ஆள் இந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பான். இவ்வளவுதான் சாஸ்திரம்.

ஆறடி உயரத்தில் ரெண்டு கொம்பும் பட்டாசலுக்குள், இதோ இந்தக் கூடத்துக்குள், வந்து நின்றதைப் பார்த்து என் வீட்டுக்காரி பூரணம் கேட்டாள், "யாரு இது, சம்பந்தி வீட்டுக்காரங்களா? எம்புட்டு நாள் இருப்பாங்க?" அன்றைக்கு வைத்த பேர்தான். இடது பக்கத்தை மாப்பிள்ளை வீட்டு சம்பந்தி என்பாள், வலது பக்கத்தைப் பொண்ணு வீட்டு சம்பந்தி என்பாள். தூசி தட்டும்போது, "கொஞ்சம் தள்ளுங்க சம்பந்தி" என்று அதுகளிடம் சொல்வாள்.

கொம்பை எங்கே வைப்பது என்பதுதான் எல்லாம். மூலையில் வைத்தால் ரெண்டு பக்கச் சுவரும் தரையும் சேர்ந்து கொம்பை இன்னும் நீட்டிக் கொடுக்கும். ஓசியில் கிடைக்கிற கொம்பு. தவில் சத்தம் வயிற்றில் வந்து இடிக்கும். இடது பக்கம் மூலை இருந்தது. வலது பக்கம் மூலையில் அடுக்களைக் கதவு இருந்தது.

அதை அடைத்தேன்.

அப்படிப் பார்க்காதீர்கள். கொத்தனார் ஒரே நாளில் செங்கல் வைத்து அடைத்துப் பூசிக் கொடுத்தார். அடுக்களை எங்கேயும் போய்விடவில்லை, பின்வாசல் வழியாக இறங்கி, வீட்டைச் சுற்றி, முன்வாசலில் அஞ்சு படி ஏறினால் இங்கே வந்துவிடலாம். நல்ல காற்றோட்டமான வழி. பூரணம் ரெண்டு நாள் பேசவில்லை. மூணாம் நாள் காபியோடு முன்வாசல் வழியாக வந்து நின்று, "சம்பந்தி வீட்டுக்கு வழி கேட்டு வந்தேன்" என்றாள்.

அப்புறம் கோணம். ரெண்டு கொம்பும் என் முகத்தை நேராகப் பார்க்கக் கூடாது. ரெண்டின் பார்வையும் என் மூக்குக்கு ஒரு முழம் முன்னால் வெட்டிக்கொள்ள வேண்டும். கொம்பின் நடுவில் ஆணி அடித்து, கட்டுநூலை நாற்காலி வரைக்கும் இழுத்துப் பிடித்துப் பார்த்தேன். "ரெண்டுக்கும் மாறுகண்ணா?" என்று கேட்டாள் பூரணம். மேலே இருக்கிற உலோகக் கொம்பு கணகணவென்று தானாக அதிர்ந்தது. சைக்கிள் டியூபை வெட்டிப் பட்டை பட்டையாக அதன்மேல் சுற்றினேன். தொட்டுப் பாருங்கள். இப்போது தட்டினால் தேங்காய் மாதிரி இருக்கும். தரையில் சிவப்புக் கோடு, மஞ்சள் கோடு, பச்சைக் கோடு தெரிகிறதா? ஒவ்வொன்றும் ஒவ்வொரு வருஷம். வீட்டுக்கு வந்தவர்கள் பாண்டி விளையாட்டு என்று நினைத்தார்கள்.

எதற்கு இவ்வளவு என்றால், ஒரு மூச்சுக்காக.

என்னிடம் ஒரு நாகசுர இசைத்தட்டு இருக்கிறது. வாசித்தவர் பெயர்கூட உறையில் இல்லை, உறையே இல்லை. ஆலாபனைக்கு நடுவில் ஒரு இடத்தில் அவர் வாயை எடுத்து மூச்சு இழுப்பார். அரை வினாடி. ரிக்கார்டில் அது இருக்கிறது என்று எனக்குத் தெரியும், ஹெட்போனில் கேட்டிருக்கிறேன். ஆனால் கொம்பில் வரவில்லை. வாசிப்பு வரும், மூச்சு வராது. கொம்பில் வந்தால் அந்த மனுஷர் இதோ, இந்த ரெண்டுக்கும் நடுவில் உட்கார்ந்திருப்பார். அதற்காகத்தான் பன்னிரண்டு வருஷம்.

பூரணத்திடம் ஒரு நாள் இதை விளக்கினேன். காபி டம்ளரோடு நின்றுகொண்டிருந்தாள். பாதி சொல்லும்போதே சிரித்துவிட்டாள். "ஒரு ஆள் மூச்சு வாங்குறதக் கேக்கவா இம்புட்டுப் பாடு? நான் சுத்தி வந்து படியேறி நிக்கேன், நல்லாக் கேளுங்க" என்றாள். நான் ரிக்கார்டைப் போட்டிருந்தேன். சத்தம் போடாதே என்று கையைக் காட்டினேன்.

பன்னிரண்டாவது வருஷம் ஐப்பசியில் கிடைத்தது. வலது கொம்பை ரெண்டு நூல் வெளியே தள்ளியிருந்தேன், இது முக்கியம். அந்த வாரம் பெரிய மழை. பின்கட்டு அறை ஒழுகியது என்று பூரணம் அங்கே இருந்த மெத்தைகளையெல்லாம் இங்கே கொண்டுவந்து, இந்த நாற்காலிக்குப் பின்சுவரோரம் அடுக்கிவிட்டாள். கொல்லையில் ரெண்டு இலவமரம் உண்டு எங்களுக்கு. வருஷா வருஷம் காய் உடைத்துப் பஞ்செடுத்து மெத்தை தைத்துக்கொண்டே இருப்பாள். ஒன்பது மெத்தை. பஞ்சு பறந்து போய்க் கொம்பின் தொண்டையில் உட்கார்ந்தால் டயாபிரம் என்ன ஆவது? சத்தம் போட்டேன். "சம்பந்தி வந்தா படுக்க மெத்த வேண்டாமா?" என்று சொல்லி மேலே ஒரு பழைய சேலையைப் போர்த்திவிட்டுப் போய்விட்டாள். அந்த ஆத்திரத்தோடேதான் உட்கார்ந்து ரிக்கார்டைப் போட்டேன்.

மூச்சு வந்தது.

இங்கே, இவ்வளவு தூரத்தில். ஒரு மனுஷர் வாயை எடுத்து, நெஞ்சு நிறைய இழுத்து, மறுபடி வைத்தார். எனக்கு ரோமம் நட்டுக்கொண்டது. ரெண்டு நூல்! பன்னிரண்டு வருஷத் தேடலுக்குக் கால் அங்குலம்தான் பாக்கியாக இருந்திருக்கிறது. ஞானதுரையை வரவழைத்துக் காட்டினேன். அவர் அந்த மெத்தைகளில் சாய்ந்து உட்கார்ந்து கேட்டார். "ஆமாவே, வந்துட்டான்" என்றார். அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை தோறும் சர்ச்சில் பூசை முடிந்து நேராக இங்கேதான் வருவார். மெத்தையில் சாய்வார், தூங்கிவிடுவார். அவர் குறட்டைக்குக்கூட எதிரொலி இருக்காது, அவ்வளவு சுத்தமாக இருந்தது அறை.

ஆறு வருஷம் அப்படிப் போயிற்று. நல்ல ஆறு வருஷம்.

பூரணம் போனது ஒரு தை மாதம். பகல் பதினொரு மணிக் காபி. வாசல் படியில் மூணாவது படியில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. நான் உள்ளே கேட்டுக்கொண்டிருந்தேன். பக்கம் முடிந்து தட்டைத் திருப்ப எழுந்தபோதுதான் காபி இன்னும் வரவில்லையே என்று எட்டிப் பார்த்தேன். டம்ளர் சாயாமல் பக்கத்திலேயே இருந்தது. இதய வால்வு என்றார் டாக்டர். "ரொம்ப நாளா மூச்சு வாங்கியிருக்குமே, கவனிக்கலையா?" என்று கேட்டார். அப்படி எதுவும் எனக்குக் கேட்கவில்லை என்றேன். அவர் ஏதோ எழுதிக்கொண்டார்.

பதினாறாம் நாள் விசேஷம் முடிந்ததும் அவள் தங்கை கோமதி வந்தாள். செத்தவர்கள் படுத்த மெத்தையை வீட்டில் வைத்திருக்கக் கூடாது, தெரியுமே உங்களுக்கு. "அத்தான், அக்கா படுத்த மெத்த எது?" என்று கேட்டாள். எனக்குக் கட்டில். பூரணத்துக்கு முதுகுவலி, தரையில் மெத்தை விரித்துத்தான் படுப்பாள், காலையில் சுருட்டி அடுக்கிவிடுவாள். எழுந்து வந்து பார்த்தேன். ஒன்பதும் ஒரே கோடு போட்ட துணி. ஒன்பதும் ஒரே தையல்.

"எல்லாம் ஒண்ணு மாதிரிதான இருக்கு" என்றேன்.

கோமதி என்னைப் பார்த்தாள். அப்புறம் ஆட்களைக் கூப்பிட்டு, "அப்ப எல்லாத்தையும் தூக்குங்க" என்றாள்.

தூக்கினார்கள். வண்டியில் போட்டு அனுப்பினார்கள். அறை விசாலமாயிற்று. மனதை மறைக்காமல் சொல்கிறேன், பஞ்சுத் தொல்லை விட்டது என்று ஒரு மூலையில் எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது.

ஒரு மாசம் கழித்து ரிக்கார்டைப் போட்டேன். தம்பி, அதை எப்படிச் சொல்ல? தகரக் கொட்டகைக்குள் நின்று யாரோ வாசிக்கிற மாதிரி இருந்தது. நாகசுரம் சுவரில் போய் முட்டி, திரும்பி வந்து என் பிடரியில் அடித்தது. மூச்சு இல்லை. அந்த இடம் வருகிறது, போகிறது, ஒன்றும் இல்லை.

ஒயரை மாற்றினேன். ஆம்ப்ளிஃபயரில் வால்வை மாற்றினேன். ஆமாம், அதிலும் வால்வுதான், அது மாற்றக்கூடிய வால்வு. நூல் பிடித்து அளந்தேன். ரெண்டு கொம்பும் நாற்காலியும் நூல் பிசகாமல் அதே இடத்தில் இருந்தன. நான்தான் கோடு போட்டு வைத்திருக்கிறேனே. இடம் மாறவில்லை, ஒயர் மாறவில்லை. அப்போது என்ன மாறியிருக்கும்? யோசித்து யோசித்து ஒன்று கிடைத்தது. பூரணம் போவதற்கு நாலு மாசம் முன்னால் இடது கொம்பின் டயாபிரம் கம்பி விட்டுப்போய், ஞானதுரை கழற்றிக்கொண்டு போய் ஒட்டவைத்துக் கொண்டுவந்தார். கண் முன்னால் செய்யவில்லை. கடைக்குக் கொண்டு போய்ச் செய்தார்.

புரிகிறதா? அன்றைக்கே புரிந்திருக்க வேண்டும் எனக்கு. ஒரிஜினல் தகடு வீணாகியிருக்கும், சொல்லப் பயந்து கோயில் குழாய்த் தகடு ஒன்றை மாட்டி அனுப்பியிருக்கிறார். நாலு மாசம் ஓடி, பிறகு அது தன் குணத்தைக் காட்டிவிட்டது.

கடைக்குப் போனேன். கல்யாணத்துக்குச் சாமான் பேச வந்தவர்கள் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். நிற்கட்டும் என்றுதான் பேசினேன்.

"எங் கொம்புல என்ன தகட்டவே போட்டீரு?"

"உம்ம தகட்டத்தான்."

"மாரியம்மன் கோயில் தகட்ட மாட்டிவிட்டு, அதக் கேக்கச் சொல்லி என் வீட்டுலயே உக்காந்து தலையாட்டினீரே. திருட்டுக் காது உமக்கு."

ஞானதுரை ஒரு நாற்காலியை எடுத்து இன்னொரு நாற்காலி மேல் அடுக்கினார். இன்னொன்றை அடுக்கினார். எட்டு நாற்காலி அடுக்குகிற வரைக்கும் நின்று பார்த்துவிட்டு வந்துவிட்டேன். அதோடு ஒன்றரை வருஷம் பேச்சு இல்லை. மார்க்கெட்டில் அவரைக் கண்டால் நான் வாழைக்காயைப் பார்ப்பேன். என்னைக் கண்டால் அவர் தேங்காயைப் பார்ப்பார். வாரம் ஒருமுறை வேண்டாத வாழைக்காய் வாங்கியே எனக்கு வாயு வந்தது.

அப்புறம் ஒரு நாள் காலையில், பத்து மணி இருக்கும், அவராகவே வந்தார். கையில் திருப்புளி.

"ஏ மெக்கானிக்கு, நகரும்."

நேராக இடது கொம்புக்குப் போய் டயாபிரத்தைக் கழற்றி என் கையில் வைத்தார். ஓரத்தில் டாக்கீஸ் காலத்துச் சிவப்பு அரக்கு முத்திரை இருந்தது. ஒரிஜினல்.

"பாத்துக்கிட்டீரா?"

"அரக்கு வைக்க எம்புட்டு நேரமாகும்?" என்றேன்.

அவர் கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். திரும்ப மாட்டி, ரிக்கார்டைப் போடச் சொன்னார். நின்றுகொண்டே கேட்டார். முகம் சுருங்கியது. நிறுத்தச் சொன்னார். அப்புறம்தான் குனிந்து கொம்புக்குள் தலையை விட்டார். "ஒண்ணு, ரெண்டு, மூணு, மைக் டெஸ்டிங்" என்று உள்ளேயிருந்து சொன்னார். நிறுத்தி, காது கொடுத்தார். மறுபடி சொன்னார். கொம்பு அவர் குரலை வளர்த்து வீடு முழுக்க அனுப்பியது. நாற்பது வருஷத்தில் ஞானதுரை என்னிடம் அவ்வளவு சத்தமாகப் பேசியது அன்றைக்குத்தான்.

"மெக்கானிக்கு, இங்கேருந்து என்னத்தவே எடுத்தீரு?"

"ஒண்ணும் எடுக்கல."

"என்னமோ போயிருக்குவே."

"போனது எம் பொண்டாட்டி. அவள வச்சா ஸ்பீக்கர் ஓடிச்சு?"

அவர் தலையை எடுக்கவில்லை. கைலிதான் தெரிந்தது. அவர் தலைக்குச் சாயம் பூசுவார், எழுபத்தோரு வயதிலும் காக்கை மாதிரி இருக்கும். அது மரத்தில் உரசுமே என்று எனக்குக் கவலை.

"தலைய எடும்வே. சாயம் ஒட்டும்" என்றேன்.

நான் அவரிடம் கடைசியாகச் சொன்னது அதுதான். டார்ச் அடித்துப் பாருங்கள், உள்ளே மேல்பக்கம் கறுப்பாக ஒரு தீற்றல் தெரியும். ஸ்பிரிட் போட்டும் போகவில்லை. ஒரு தரம்தான் போட்டேன்.

தலையை எடுத்தவர் என்னைப் பார்க்கவில்லை. இந்தப் பின்சுவரைப் பார்த்தார். நாற்காலியைத் தாண்டிப் போய், சுவருக்குப் பக்கத்தில் நின்று, ஒரு தரம் கை தட்டினார். சுவரில் உள்ளங்கையை வைத்துத் தடவினார். என்னமோ சொல்ல வாயைத் திறந்தார். அப்புறம் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். சொல்லியிருக்கலாம். தெரிந்துகொண்டு சொல்லாமல் போனால் அது யார் தப்பு?

ஒன்பதாம் நாள், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, கடையில் வாடகை நாற்காலி ஒன்றில் உட்கார்ந்தபடியே போய்விட்டார். இருநூறு நாற்காலி இருந்த இடத்தில் எந்த நாற்காலி என்று கண்டுபிடிக்கக் கொஞ்ச நேரமாயிற்றாம். அவர் வீட்டு மைக் செட்டை அவர் சாவுக்குப் போடக் கூடாதென்று எதிர்க் கம்பெனி செட்டைப் போட்டிருந்தார்கள். ஜெபம் நடக்கும்போது மைக் கிரீச் கிரீச்சென்று கத்தியது. பெட்டிக்குள்ளிருந்து எழுந்து வந்து அதைத் திருப்பி வைத்துவிட்டு மறுபடி படுத்துக்கொள்வார் என்றே எதிர்பார்த்தேன். அவரிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்று போயிருந்தேன். முகத்துணியை விலக்கிக் காட்ட வரிசை விட்டார்கள். எனக்கு முன்னால் நாற்பது பேர். வரிசையில் நின்று சொல்கிற வார்த்தையா அது? வந்துவிட்டேன்.

அதற்கு மேல் இந்தக் கொம்புகளைப் பார்க்கப் பிடிக்கவில்லை. விளம்பரம் கொடுத்தேன். நீங்கள் போன் பண்ணினீர்கள். வாருங்கள் என்றேன். அதெல்லாம் உண்மை.

முந்தாநாள் காலையில் வாசலில் ஒரு லோடு ஆட்டோ வந்து நின்றது. ஞானதுரையின் மகள் ஸ்டெல்லா. அவள் பேரில்தான் கடை. இப்போது கடையும் அவள்தான்.

"மாமா, ஆள் விட்டு எறக்கச் சொல்லட்டுமா?"

"என்னது?"

"மெத்த. ஒம்பது. அப்பா நோட்டுல எழுதி வச்சிருந்தாங்க. கல்யாண சீசன்ல எல்லாம் வெளிய போயிருந்துச்சு, இப்பத்தான் திரும்பி வந்துச்சு."

நோட்டைக் காட்டினாள். அவர் கோழிக் கிறுக்கல். 'மெக்கானிக் வீடு. மெத்தை 9. நாற்காலிக்குப் பின்சுவர். தங்கச்சி வைத்திருந்த மாதிரி. திருப்பி வாங்க வேண்டாம்.' பூரணத்தை அவர் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார். தேதி, அவர் என் கொம்புக்குள் தலையை விட்ட தேதி.

எனக்கு வந்ததே கோபம். கடையில் கழித்துப்போட்ட, ஊர்க்காரன் எல்லாம் படுத்த மெத்தையை என் வீட்டில் கொட்டுகிறாரே, செத்தும் என்னைக் கேலி பண்ணுகிறாரே என்று. ஆனால் அந்தப் பெண்ணிடம் என்ன சொல்ல? அவள் பாட்டுக்கு ஆள் விட்டு அடுக்கிவிட்டாள். அடுக்கிக்கொண்டே, "அத்தை வச்சிருந்ததெல்லாம் எங்க மாமா?" என்று கேட்டாள். கோமதி வந்து எடுத்துக்கொண்டு போன கதையைச் சொன்னேன்.

"ஒண்ணுதான குடுக்கணும்? ஏன் ஒம்பதையும் குடுத்தீங்க?"

"எது அவளுதுன்னு தெரியல."

ஸ்டெல்லா கையிலிருந்த மெத்தையோடு அப்படியே நின்றாள். "தெனம் விரிச்சுச் சுருட்டுறது மேலதான மாமா இருக்கும்" என்றாள்.

அது எனக்குத் தோன்றவில்லை. அன்றைக்கும் தோன்றவில்லை, இந்த ரெண்டு வருஷத்திலும் தோன்றவில்லை.

அவள் போன பிறகு ரிக்கார்டைப் போட்டேன். நீங்கள் இப்போது என்ன நினைக்கிறீர்கள் என்று தெரிகிறது. அதனால் இதை முதலில் குறித்துக்கொள்ளுங்கள்: அன்றைக்குக் காலையில், ஸ்டெல்லா வருவதற்கு முன்னாலேயே, இடது கொம்பை மூன்று நூல் உள்ளே தள்ளியிருந்தேன். பச்சைக் கோட்டுக்குப் பக்கத்தில் பென்சில் கோடு போட்டிருக்கிறேன், பார்க்கலாம். மூன்று நூல் என்பது சாதாரணம் இல்லை. கொம்பு விஷயத்தில் மூன்று நூலில் என்ன வேண்டுமானாலும் நடக்கும்.

மூச்சு வந்துவிட்டது. முதல் தடவை வந்த மாதிரியே. கேட்டுக்கொண்டே இருந்தேன். அஞ்சு தடவை ஊசியைத் திருப்பி வைத்தேன். அப்புறம் நிறுத்திவிட்டு வாசல்படியில் போய்க் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். மூணாவது படி. நேற்றுத்தான் கொத்தனாருக்குச் சொல்லியனுப்பினேன், அடைத்த அந்தக் கதவைத் திறக்க எவ்வளவு நாளாகும் என்று கேட்டு. திறந்தால் வலது கொம்புக்கு மூலை போய்விடும். போகட்டும். எனக்கும் இப்போது சுற்றி வந்து படியேறினால் இளைக்கிறது.

ஆகவே விற்பதற்கில்லை தம்பி. பெங்களூரிலிருந்து வரவழைத்துவிட்டேன், மன்னிக்க வேண்டும். மன்னிப்பு என்கிற வார்த்தையை ஆள் எதிரில் இருக்கும்போதே சொல்லிவிடுவது நல்லது என்று இப்போது ஒரு எண்ணம்.

என்ன, மெத்தைகளை வெளியே எடுத்துவிட்டு ஒரு தரம் கேட்டுப் பார்க்கலாமா என்கிறீர்களா? மூன்று நூலா, மெத்தையா என்று அஞ்சு நிமிஷத்தில் தெரிந்துவிடும்தான். எனக்கும் தெரியும் அது. முப்பத்தோரு வருஷம் மெக்கானிக்காக இருந்தவன், பழுது பார்க்கிற முறை தெரியாதா?

கையை எடுங்கள். அவற்றைத் தொட வேண்டாம்.

அப்படியே சாய்ந்து உட்காருங்கள். ரிக்கார்டைப் போட்டுவிட்டு நான் காபிக்குப் போகிறேன், சுற்றிக்கொண்டு வரப் பத்து நிமிஷமாகும். அந்த இடம் நாலாவது நிமிஷத்தில் வரும். நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள்.

மெத்தை ஒன்பது. ஒவ்வொன்றின் ஓரத்திலும் ஸ்டெல்லா சவுண்ட் சர்வீஸ் என்று நீல மையில் எழுதியிருக்கிறது.